வேற வேற கன்ட்ரோலரோட வந்த பழைய டிரெயின் செட்ட ஓட வச்ச அனுபவம்

செகண்ட் ஹேண்ட்ல மாடல் டிரெயின் செட் வாங்குறவங்க எல்லாரும் முதல்ல கையில எடுக்குறது எஞ்சினத்தான், சக்கரத்த விரலால சுத்திப் பாப்பாங்க, பெயிண்ட் உரிஞ்சிருக்கானு பாப்பாங்க, அது இயல்புதான். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு மூணு நாட்டுச் சாமான் கலந்து கெடந்துச்சுன்னா எஞ்சின ஓரமா வச்சுட்டு கரண்ட் பெட்டிங்கள, அதாவது கன்ட்ரோலர், டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் இதுங்கள முதல்ல எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் உள்ள போறது என்ன கரண்ட்டு, வெளிய வர்றது என்ன கரண்ட்டு, இது ரெண்டும் தெரியாம எதையும் சுவத்துல சொருகாதீங்க. மத்த வேலையெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம், இது ஒண்ணுதான் அவசரப்பட்டா வீட்டையே கொளுத்துற விஷயம்.

நான் வாங்குனது அப்படிப்பட்ட கலப்புப் பெட்டிதான். பினாங்குல இருக்கவங்களுக்கு லோரோங் கூலிட் தெரியும், சிட்டி ஸ்டேடியம் பக்கத்துல காலைல போடுற பழைய சாமான் சந்தை, பழைய காசு, கேமரா, ஸ்பேனர், ரேடியோ, யாரோ வீட்டக் காலி பண்ணப்ப வந்த தட்டுமுட்டு எல்லாம் கேன்வாஸ் விரிச்சு வச்சிருப்பாங்க. அங்க ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவரு, அவரு கிட்ட ஒரு பெரிய அட்டைப் பெட்டி, 180 வெள்ளி, செமுவா போலே, மொத்தமும் எடுத்துக்கலாம்னாரு. உள்ள இங்கிலாந்து கம்பெனி ஹார்ன்பியோட தண்டவாளம் ஒரு வட்டம் போடுற அளவுக்கு, தடம் மாத்தி விடுற பாயிண்ட் ரெண்டு, ஹார்ன்பியோட சின்ன டேங்க் எஞ்சின் ஒண்ணு, இத்தாலிக்காரன் லீமா செஞ்ச டீசல் எஞ்சின் ஒண்ணு, கொஞ்சம் புதுசா தெரிஞ்ச இன்னொரு எஞ்சின், அதோட அடியில 3னு எழுதி ஒட்டியிருந்துச்சு, அப்புறம் ஒரு கைப்பிடி அளவுக்கு வேகனுங்க. கூடவே குமிழ் வச்ச ஹார்ன்பி கன்ட்ரோலர் ஆனா அடாப்டர் இல்ல, ஜெர்மன் கம்பெனி மார்க்லினோட டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, அதுல எல்லாம் ஜெர்மன்லதான் எழுதியிருக்கு, ஜப்பான் எழுத்துல ஒரு பவர் பேக், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுன அனாதை அடாப்டருங்க ஒரு கொத்து.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒண்ணுல சார்ஜ்மேனா, அதாவது கரண்ட் வேலைக்குப் பொறுப்பானவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பெட்டியப் பாத்ததும் அவரு கேட்டது மல்டிமீட்டரும் மாஸ்கிங் டேப்பும் மார்க்கர் பேனாவும்தான். "என்னம்மா, எஞ்சினெல்லாம் எங்கயும் ஓடிப் போவாது, முதல்ல இதுங்களுக்குப் பேரு வைப்போம்"னு சொல்லிட்டு ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் போட்டு அடியில இருக்குற தகட்டப் படிச்சு, உள்ள இவ்ளோ, வெளிய இவ்ளோனு டேப்புல எழுதி முதுகுல ஒட்டுனாரு. சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனா அன்னைக்கு ஒட்டுன அந்த டேப்பாலதான் இன்னைக்கு வரைக்கும் என் மகளும் பயமில்லாம இதத் தொட முடியுது.

ஜப்பான் பெட்டியோட தகட்டுல 100 வோல்ட்னு இருந்துச்சு. நம்ம வீட்டுல வர்றது 240, அதாவது ரெண்டரை மடங்கு கிட்ட. டிராவல் அடாப்டர் ஒண்ணு போட்டா அந்த ரெண்டு தட்டைக் கால் பிளக்கு நம்ம மூணு ஓட்டையில தாராளமா போய் உக்காந்துரும், அதுதான் ஆபத்து, டிராவல் அடாப்டர் பிளக்கோட உருவத்த மட்டும்தான் மாத்துது, வோல்டேஜ மாத்தாது. உள்ள இருக்குற டிரான்ஸ்ஃபார்மர் அதுக்கு மேல காந்தத்தத் தாங்க முடியாம தாறுமாறா கரண்ட்ட இழுத்து சூடாகிக் கருகிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டு ஓட்டலாம், அமெரிக்கா ஜப்பான் சாமான் வச்சிருக்கவங்க அப்படித்தான் பண்றாங்க, ஆனா பொதுவா கிடைக்குறது 110 வோல்ட்டுக்கு, 100 வோல்ட் சாமானுக்கு அது பத்து சதவீதம் கூட. ஒரு சின்ன கன்ட்ரோலருக்காக அவ்ளோ பெரிய கட்டிய மேசைக்கடியில வைக்கணுமானு யோசிச்சு நாங்க அத ஒதுக்கிட்டோம். பிளக்குல சிவப்பு டேப்ப சுத்தி வச்சிருக்கோம், யாரும் தெரியாம சொருகக் கூடாது பாருங்க.

மார்க்லின் பெட்டி கதை வேற. அது ஏசி சிஸ்டம், அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்ட்டு. மார்க்லினோட எச்ஓ, அதாவது 1:87 அளவுத் தண்டவாளத்துல ரெண்டு ரயிலும், ரயில்னா இங்க தண்டவாளக் கம்பி, ஒரே கரண்ட்டு, இன்னொரு கரண்ட்டு நடுவுல ஸ்லீப்பர் மேல வரிசையா இருக்குற சின்னச் சின்னக் குமிழ் வழியா வருது, எஞ்சினுக்கு அடியில ஒரு நீளமான ஸ்கேட் அதத் தடவிக்கிட்டே போவும். ஓட்டுறதுக்கு 16 வோல்ட் வரைக்கும் ஏசி, திசை மாத்தணும்னா குமிழ பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் திருப்பி அழுத்துனா 24 வோல்ட் கிட்ட ஒரு அடி அடிக்கும், எஞ்சினுக்குள்ள இருக்குற ரிலே தட்டி மாறிக்கும். ஹார்ன்பி, லீமா எல்லாம் 12 வோல்ட் டிசி, ஒரே பக்கம் ஓடுற கரண்ட்டு, ரெண்டு ரயில்ல ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ், அத மாத்திப் போட்டா எஞ்சின் திரும்பி ஓடும், அவ்ளோதான். இந்த டிசி எஞ்சின மார்க்லின் பெட்டியில மாட்டுனா நவுராது, ஒரு இடத்துல நின்னுக்கிட்டு உர்ர்ருனு அதிரும், காயில் சூடாகும், உள்ள இருக்குற காந்தமும் வலுவிழக்கும். பெட்டி பழசுன்னா இன்னொண்ணும் பாக்கணும், அந்தக் காலத்து ஜெர்மன் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் செஞ்சது, நம்ம 240ல போட்டா வெளிய வர்றதும் கிட்டத்தட்ட ஒம்போது சதவீதம் கூடிடும். எங்க பெட்டியோட வயர் தோல் விரல் பட்டாலே பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. மாமா அதப் பாத்ததும் பிளக்க வெட்டியே எடுத்துட்டாரு, எனக்கு அதுல முழு சம்மதம். மெயின்ஸ் கரண்ட்டுல வயர் தோல் போன சாமானுக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுக்கக் கூடாது, எவ்ளோ அழகா இருந்தாலும் சரி.

மிச்சம் இருந்தது ஹார்ன்பி கன்ட்ரோலர். அடாப்டர் இல்லாத கன்ட்ரோலர்லதான் ஏமாற வழி அதிகம், ஏன்னா ஓட்டை அளவு ஒத்துப்போற அடாப்டர் வீட்டுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும், மோடம், பழைய ரேடியோ, ஏதோ ஒண்ணோடது. அளவு ஒத்துப்போறது ஒண்ணையும் சொல்லாது. தகட்டுல இருக்குற குறியப் பாருங்க, அலை மாதிரி வளைஞ்ச கோடு இருந்தா ஏசி, நேர்கோடு ஒண்ணும் அதுக்குக் கீழ வெட்டு வெட்டா இன்னொரு கோடும் இருந்தா டிசி. எங்களோடது உள்ள 16 வோல்ட் ஏசி வேணும்னு கேட்டுச்சு. புது மாடல் பல கன்ட்ரோலருங்க டிசி கேக்கும், அதுக்கு ஏசி குடுத்தா உள்ள இருக்குற சர்க்யூட் போயிரும். அதே மாதிரி டிசி அடாப்டர்னா நடுமுள்ளு பிளஸ்ஸா மைனஸ்ஸானு ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருப்பாங்க, அதையும் ஒத்துப் பாக்கணும். ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்ல, சாமான் தனக்கு வேண்டியத மட்டும்தான் இழுக்கும், வோல்டேஜ் கூட இருந்தாத்தான் பிரச்சினை. அந்தப் பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்ல ஒண்ணு கவனிங்க, 12 வோல்ட்னு போட்டிருக்கும், சும்மா மீட்டர்ல பாத்தா 16, 17 காட்டும், கெட்டுப் போச்சுன்னு நெனைக்காதீங்க, லோடு இல்லாதப்ப அது அப்படித்தான், ஒரு பல்ப மாட்டிட்டு அளந்தா இறங்கிடும்.

தகடே இல்லாத பெட்டி கைக்கு வந்தா எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு மாமா சொல்லிக் குடுத்தத இங்க அப்படியே வச்சுடறேன். உள்ள என்ன போகணும்னு தெரிஞ்ச பெட்டிக்குத்தான் இது, தெரியலன்னா சொருகவே கூடாது. தண்டவாளத்துக்குப் போற ரெண்டு வயர்ல மல்டிமீட்டர டிசியில வச்சு குமிழப் பாதி திருப்புங்க. ஒரு எண் காட்டி, திசை சுவிட்ச மாத்துனதும் முன்னாடி மைனஸ் வந்து நின்னா அது டிசி, நம்ம சாதாரண எஞ்சினுக்கு ஆவும். டிசியில பூஜ்யம் கிட்ட நின்னு, ஏசிக்கு மாத்துனா 16 மாதிரி காட்டுச்சுன்னா டிசி எஞ்சின அது பக்கத்துல கொண்டு போகாதீங்க. பழைய கன்ட்ரோலருங்க பின்னாடி பல திருகு இருக்கும், ஒரு ஜோடி ரயிலுக்கு, இன்னொரு ஜோடி பாயிண்ட் மோட்டருக்கும் விளக்குக்கும், அந்த ரெண்டாவது ஜோடியில எப்பவும் முழு 16 வோல்ட் ஏசி நிக்கும், குமிழுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. வயர அந்தத் திருகுல தெரியாம மாட்டுறதாலதான் பல நல்ல எஞ்சின் செத்துப் போவுது.

அப்புறம் அந்த 3னு ஒட்டியிருந்த எஞ்சின். இது டிசிசி, அதாவது டிஜிட்டல் கன்ட்ரோல். 1990கள்ல அமெரிக்காவோட மாடல் ரயில்காரங்க சங்கம், என்எம்ஆர்ஏ, இத ஸ்டாண்டர்டா ஆக்குச்சு, அடிப்படை லென்ஸ்ங்கிற ஜெர்மன் கம்பெனியோடது. தண்டவாளத்துல எப்பவுமே முழு வோல்டேஜ் நிக்கும், அதுலயே கட்டளையும் சேந்து ஓடும், எஞ்சினுக்குள்ள இருக்குற டீகோடர் சிப் தன்னோட நம்பர கேட்டா மட்டும் அசையும். புது டீகோடர் எல்லாம் 3ங்கிற நம்பரோடதான் வரும், அதனால அடியில 3னு இருந்தா டிசிசினு யூகிக்கலாம். இந்த மாதிரி எஞ்சின் சாதாரண டிசியிலயும் ஓடும், சிவி 29ங்கிற செட்டிங்ல அதுக்கு அனுமதி குடுத்திருந்தா. ஆனா குமிழப் பாதி தாண்டுற வரைக்கும் செத்த மாதிரி நிக்கும், ஏன்னா சிப்புக்கு முதல்ல தான் முழிச்சுக்கவே கொஞ்சம் வோல்டேஜ் வேணும். அது தெரியாம பல பேரு எஞ்சின் போச்சுன்னு வித்துடறாங்க. இந்தப் பெட்டியில வந்ததும் அந்த வழியாத்தான் வந்திருக்கணும்னு நெனைக்கிறேன். டிசிசி கன்ட்ரோலரையும் டிசி கன்ட்ரோலரையும் ஒரே தண்டவாளத்துல சேத்து மாட்டவே கூடாது, ரெண்டுல ஒண்ணு போயிரும், சில சமயம் ரெண்டும்.

கடைசியா நாங்க எடுத்த முடிவு, பழைய கன்ட்ரோலர் எதையும் நம்பாம எல்லாத்தையும் டிசிக்கு இறக்கிடறது. ஹார்ன்பிக்கு சரியான 16 வோல்ட் ஏசி அடாப்டர் தேடலாம், ஆனா அதுக்குள்ள குமிழ் ஒரு இடத்துல விட்டு விட்டு வேலை செஞ்சுச்சு. அதனால ஆன்லைன்ல கிடைக்குற சின்ன மோட்டார் ஸ்பீட் கன்ட்ரோலர் போர்டு, பிடபிள்யூஎம்னு சொல்வாங்க, கரண்ட்ட வேகமா வெட்டி வெட்டி அனுப்புறது, அத வாங்கி, மலேசியத் தர முத்திரையான சிரிம் ஸ்டிக்கர் ஒட்டுன 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் ஒண்ணு மாட்டி, வெளிய போற வழியில திசை மாத்துறதுக்கு ஆறு கால் சுவிட்ச் ஒண்ணு, நடுவுல ஆஃப் இருக்குறது, குறுக்கு வயர் போட்டு வச்சோம். அதுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல மாமா மோட்டார் கடையில வாங்குன 12 வோல்ட் 10 வாட் சிக்னல் பல்ப் ஒண்ண சீரியலா போட்டாரு. இந்த பல்பு விஷயத்த மட்டும் யாரும் விட்டுராதீங்க. எஞ்சின் சாதாரணமா ஓடறப்ப அது லேசா செவக்கும் இல்ல எரியவே எரியாது, எங்கயாவது ஷார்ட் ஆனா பளிச்சுனு எரியும், கரண்ட்டு ஒரு ஆம்புக்குக் கீழயே நின்னுரும், போர்டு தப்பிச்சுரும், ஷார்ட்னு கண்ணாலயே தெரிஞ்சுரும். பிடபிள்யூஎம்ல டீகோடர் இருக்குற எஞ்சின் ஓட்டக் கூடாது, சிப் குழம்பிடும், அதனால அந்த 3 நம்பர் எஞ்சின்ல டீகோடர எட்டு முள்ளு சாக்கெட்டுலேந்து உருவிட்டு டம்மி பிளக் போட்டோம். கோர்லெஸ் மோட்டார், அதாவது சுத்துற காயிலுக்குள்ள இரும்பு இல்லாத மோட்டார், வச்ச எஞ்சின் இருந்தாலும் இந்த மாதிரி போர்டு வேணாம், சூடாகும், நல்ல சுத்தமான டிசி குடுக்குற கன்ட்ரோலர் வாங்கிக்குங்க. திசை சுவிட்ச மாத்துறதுக்கு முன்னாடி எஞ்சின் நிக்கணும், இது மட்டும் மகளுக்கு சொல்லிக் குடுத்த சட்டம்.

தண்டவாளம் பத்தி. கடலோரத்துல இருக்குற ஊரு, உப்புக் காத்து, ஈரம். ஒரு சின்ன காந்தத்த ரயில் மேல வைங்க, ஒட்டுச்சுன்னா இரும்பு, ஒட்டலன்னா நிக்கல் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. எங்க பெட்டியில ரெண்டும் கலந்து இருந்துச்சு, இரும்புத் துண்டெல்லாம் துருப்பிடிச்சு ஒதுக்க வேண்டியதாப் போச்சு. நம்ம ஊருல இரும்புத் தண்டவாளத்தோட மல்லுக்கட்டுறது வீண், இன்னைக்கு தேய்ச்சா அடுத்த மழை சீசன்ல திரும்பி வரும். நிக்கல் சில்வர ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துணிய நனைச்சு துடைச்சா கருப்பு கருப்பா அழுக்கு வரும், வராம நிக்கிற வரைக்கும் துடைங்க, சக்கரத்தையும் அதே மாதிரி. உப்புத்தாளும் ஸ்டீல் வுல்லும் வேணாம், உப்புத்தாள் கீறல் போட்டு அதுல அழுக்கு சீக்கிரம் சேரும், ஸ்டீல் வுல் தூள் போய் மோட்டார் காந்தத்துல ஒட்டிக்கும். எண்ணெய்னா தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில ஒரு துளி, சக்கர அச்சுக்கு மட்டும்.

தண்டவாளம் சேர்ற இடத்துல இருக்குற ஃபிஷ்பிளேட் தளர்ந்திருந்தா குறட்டால லேசா இறுக்குங்க. எங்க தாத்தா பட்டர்வொர்த் பக்கம் ரயில்வே கேங்குல இருந்தவரு, மாமா சின்ன வயசுல நெஜத் தண்டவாளத்துல ஃபிஷ்பிளேட் போல்டு முடுக்குறதப் பாத்து வளந்தவரு, அவரு சொன்னாரு, நெஜ ரயில்லயே சிக்னல் கரண்ட்டுக்கு ஃபிஷ்பிளேட்ட நம்ப மாட்டாங்கம்மா, ரெண்டு ரயிலுக்கும் நடுவுல தனியா ஒரு கம்பி இழுத்து விட்டிருப்பாங்கன்னு. அந்த யோசனையில எங்க வட்டத்துக்கு எதிரெதிரா ரெண்டு இடத்துல வயர் குடுத்தோம், தூரத்து வளைவுல எஞ்சின் சோர்ந்து போறது அன்னையோட நின்னுச்சு.

இதுக்கப்புறமும் ஒரு தொல்லை இருந்துச்சு. டேங்க் எஞ்சின் தனியா அருமையா சுத்தும், வேகன் மாட்டுனா பல்பு பளிச்சுனு எரிஞ்சு எல்லாம் நிக்கும். வயர் எல்லாம் பாத்தாச்சு, பாயிண்ட்டெல்லாம் பாத்தாச்சு. கண்டுபிடிச்சது மகதான். மாமா மீட்டர, கரண்ட்டு கடந்து போனா பீப் சத்தம் போடுற செட்டிங்ல வச்சுக் குடுத்தப்ப அவ வெளையாட்டா ஒவ்வொரு வேகன் சக்கரத்துலயும் குத்திப் பாத்துக்கிட்டே வந்தா, பச்சை வேகன் ஒண்ணுல இந்தப் பக்க சக்கரத்துக்கும் அந்தப் பக்க சக்கரத்துக்கும் பீப் அடிச்சுச்சு. அது மார்க்லின் வேகன். மார்க்லின்ல ரெண்டு ரயிலும் ஒரே கரண்ட்டுங்கிறதால சக்கரத்த அச்சுலேந்து பிரிச்சு வைக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்ல, முழு உலோகம், நம்ம ரெண்டு ரயில் டிசியில அத வச்சா பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் நேரா சேத்துடும். தண்டவாள அகலம் ரெண்டுக்கும் 16.5 மில்லிமீட்டர்தான், அதனால கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கச்சிதமா உக்காரும். கலப்புப் பெட்டி வாங்குனா எஞ்சின மட்டும் இல்ல, ஒவ்வொரு வேகன் அச்சையும் பீப் டெஸ்ட் பண்ணுங்க. பீப் அடிக்குற அச்ச மாத்திட்டு இன்சுலேஷன் உள்ள அச்சு போட்டா அந்த வேகனும் சேந்து ஓடும், கொக்கி மட்டும் வேற மாதிரி, அதுக்கு நாங்க மெல்லிசு கம்பியில ஒரு வளையம் செஞ்சு மாட்டியிருக்கோம்.

பாயிண்ட் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஹார்ன்பி பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அந்தப் பக்கம்தான் கரண்ட்டு போவும், மறுபக்க சைடிங்ல எஞ்சின் நகரலன்னா அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க, ஒரு எஞ்சின நிப்பாட்டி வச்சுட்டு இன்னொண்ண ஓட்டலாம். மோட்டார் வச்ச பாயிண்ட்னா பட்டன ஒரு நொடி தட்டி விட்டுரணும், அழுத்திப் பிடிச்சா காயில் எரிஞ்சுரும்.

மக இப்ப கேக்குறது நம்ம மலேசிய ரயில்வே, கேடிஎம் ரயிலு எங்கேனு. நம்ம நாட்டுத் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், 1:87 அளவுல பாத்தா பதினொண்ணரை மில்லிமீட்டர் வரணும், கடையில 12 மில்லிமீட்டர் தண்டவாளம் எச்ஓஎம்னு விக்கிறாங்க. ஹார்ன்பியோட அளவு ஓஓ, 1:76.2, அதுக்கு 16.5 போட்டா நெஜத்துல 1257 மில்லிமீட்டர் ஆவுது, இங்கிலாந்தோட 1435ம் இல்ல, நம்ம 1000மும் இல்ல. அதனால இப்போதைக்கு லீமா டீசலோட உடம்புல கேடிஎம் கலர் அடிக்கிறதுன்னு முடிவு, அவளே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கிட்டு இருக்கா.

லோரோங் கூலிட் போறப்ப இப்ப என் பையில ஒரு 9 வோல்ட் பேட்டரியும் ரெண்டு துண்டு வயரும் சின்ன காந்தமும் இருக்கும். எஞ்சின கையில பிடிச்சு ரெண்டு பக்க சக்கரத்துலயும் வயர வச்சா சக்கரம் சுத்தணும், வயர மாத்தி வச்சா திரும்பிச் சுத்தணும், அப்ப அது நல்ல டிசி எஞ்சின். பழைய டெண்டர் எஞ்சின்ல, அதாவது பின்னாடி கரிப்பெட்டி தனியா மாட்டுனதுல, ஒரு வயரு எஞ்சின் சக்கரம், இன்னொண்ணு பின்னாடி டெண்டர் சக்கரம்னு இருக்கும், ரெண்டு விதமாவும் வச்சுப் பாருங்க. சக்கரம் சுத்தல, ஆனா அடியில நீளமா ஒரு ஸ்கேட் இருக்குன்னா ஒரு வயர ஸ்கேட்லயும் இன்னொண்ண சக்கரத்துலயும் வைங்க, பழைய மார்க்லின் மோட்டார் டிசியிலயும் சுத்தும், வயர மாத்தி வச்சாலும் ஒரே பக்கம்தான் சுத்தும். அது கெட்டுப் போன எஞ்சின் இல்ல, உங்க செட்டுக்கு ஆகாத எஞ்சின், விலை பேசறப்ப அத மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க.